ஒரு சிட்டம் நூல்

உங்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ இன்டர்நேஷனல் ஸ்கூலில் படிப்பதுண்டா? உண்டென்றால், என் கதை உங்களுக்குப் பாதி புரிந்துவிடும். அந்தப் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்களோ இல்லையோ, வாரத்துக்கு ஒரு வைபவம் மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருக்கும்.

என் மகள் வயிற்றுப் பேத்தி சென்னையில் அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் பதினோராவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் எனக்குப் போன் செய்து, அந்த வாரத்து விசேஷங்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஒரு வாரம் ரோபோ பந்தயம். மறு வாரம் பல தேசத்துப் பலகாரக் கடை. போன ஐப்பசியில் ஐக்கிய நாடுகள் சபையைப் போலவே ஒரு சபை கூட்டினார்களாம். அதில் என் பேத்திதான் பிரான்ஸ் தேசத்தின் பிரதிநிதி!

"அம்மாச்சி, நான் வீட்டோ போட்டு ஒரு தீர்மானத்தையே நிறுத்திட்டேன்!"

"அது கிடக்கட்டும் தாயி, நீ சாப்பிட்டியா?" என்றேன்.

அவளுக்குக் கோபம். அம்மாச்சிக்கு உலக விவகாரம் என்ன தெரியும் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். நானும் ஒரு காலத்தில் மந்திரியாக இருந்தவள்தான். அசல் சுகாதார மந்திரி! அந்தச் சங்கதி மாத்திரம் எங்கள் வீட்டில் 58 வருஷமாக யாருக்கும் தெரியாது. தெரியாதபடி நான்தான் பார்த்துக்கொண்டேன். ஏன் என்பதைத்தான் இப்போது உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

போன கார்த்திகைக் கடைசியில் பேத்தியின் வகுப்பு மதுரைக்குச் சுற்றுலா வந்தது. வெறும் சுற்றுலா என்று நாம் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "கள ஆய்வு" என்று சொல்ல வேண்டும். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிற காந்தி மியூசியத்தைப் பார்த்தார்கள். 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி காந்திஜி சட்டையையும் தொப்பியையும் விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினாரே, அந்த மேலமாசி வீதி வீட்டையும் பார்த்தார்கள். அதற்கு மறுநாள் பஸ் பிடித்துத் திருமங்கலம் தாண்டி, ராஜபாளையம் சாலையில் போய் இறங்கிய இடம் எது என்கிறீர்கள்? டி. கல்லுப்பட்டி! தேவன்குறிச்சிக் கல்லுப்பட்டி. நான் பிறந்த ஊர்!

அன்று ராத்திரி டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேத்தி என் வீட்டுக்குப் படுக்க வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மாச்சி, உங்க ஊரிலே காந்தி நிகேதன்னு ஒரு ஆசிரமம் இருக்கு. 1940-லே கோ. வேங்கடாசலபதின்னு ஒருத்தர் ஆரம்பிச்சாராம். அங்கே குமரப்பா இருந்திருக்கார், தெரியுமா? லண்டன்லே கணக்குப் பரீட்சை பாஸ் பண்ணி, அமெரிக்காவிலே கொலம்பியா யுனிவர்சிட்டியிலே பொருளாதாரம் படிச்சவர். 1929-லே காந்தியைப் பார்த்ததும் கோட்டு சூட்டை எல்லாம் விட்டுட்டாராம். பூமியைச் சுரண்டாம வாழறது எப்படின்னு 1945-லேயே புத்தகம் போட்டிருக்கார். அதைத்தான் இப்போ எங்க கிளாஸ்லே புதுசா சொல்லித் தராங்க!"

நான் பேசாமல் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் ரூம்லே ஒரு ஏழைக் குடியானவர் படம் இருந்ததாம். யார் இதுன்னு கேட்டா, 'என் குருவுக்கும் குரு'ன்னு சொல்லுவாராம். அவருக்கு குரு காந்தி. காந்திக்கு குரு அந்தக் குடியானவர்! எப்படி இருக்கு? இதையெல்லாம் நீங்க எங்ககிட்டே சொன்னதே இல்லையே?"

தோசை தீய்ந்துபோயிற்று.

சாப்பிட்டு முடிந்ததும் பைக்குள்ளிருந்து ஒரு தக்ளியையும், எலி கடித்த மாதிரி ஒரு நூல் பந்தையும் எடுத்து வைத்தாள். வகுப்பில் முப்பது பிள்ளைகளும் முயற்சி செய்தார்களாம். ஒருவருக்கும் இரண்டு முழம் சேர்ந்தாற்போல் வரவில்லையாம். "ரோபோவே செய்யறோம், இது வரமாட்டேங்குது அம்மாச்சி!" என்று தக்ளியைச் சுழற்றினாள். நூல் அறுந்தது. மறுபடியும் சுழற்றினாள். மறுபடியும் அறுந்தது.

எனக்குக் கை துறுதுறுத்தது. "திரியை அப்படி இறுக்கிப் பிடிக்கக் கூடாது கண்ணு, பஞ்சுக்கு மூச்சு முட்டும்" என்று சொல்லி வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஆனால் கை கேட்டால்தானே! இடது கை திரியை மேலே இழுத்தது. வலது கை தக்ளியைச் சுண்டிவிட்டது. ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம். நூல் மெல்லிசாக, அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது.

பேத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு இனிமேல் பொய் சொல்ல என் வயசில் தெம்பில்லை.

சகோதரிகளே, நான் எட்டாம் வகுப்பு வரை படித்தது கல்லுப்பட்டியில், ஆதாரக் கல்விப் பள்ளியில். 1937-ஆம் வருஷம் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்திஜி முன்வைத்த படிப்பு அது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாவற்றையும் அதிலிருந்தே சொல்லிக் கொடுப்பது. அந்தக் கல்வியை சேவாகிராமத்திலிருந்து நடத்திக் காட்டிய ஆரியநாயகம்கூட யாழ்ப்பாணத்துத் தமிழர்தான்.

எங்களூர் கரிசல் பூமி. பருத்தி விளைகிற ஊர். ஆகவே எங்களுக்குப் பஞ்சுதான் பாடப் புத்தகம். கொட்டை எடுப்பது, பஞ்சு அடிப்பது, திரி உருட்டுவது, நூற்பது எல்லாம் நாங்களே. நாலடிச் சுற்றளவுள்ள சட்டத்தில் 640 சுற்று சுற்றினால் ஒரு சிட்டம். 640-ஐ நாலால் பெருக்கினால் 2,560 அடி. ஏறக்குறைய அரை மைல். பெருக்கல் வாய்ப்பாடு எனக்கு இப்படித்தான் வந்தது. ஒரு சிட்டம் முடித்த பிள்ளை, கல்லுப்பட்டியிலிருந்து தேவன்குறிச்சி மலைப் பக்கம் அரை மைல் நடந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும்!

நான்கு கதிர் வைத்த அம்பர் சர்க்கா நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அதைக் கண்டுபிடித்தவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர்' வந்தது. எங்களுக்கு அது ரோபோ மாதிரி!

காலையில் எல்லாச் சமயப் பிரார்த்தனை. பிறகு மந்திரி சபை. ஆமாம், பிள்ளைகளே தேர்ந்தெடுத்த மந்திரிகள்! தோட்டத்துக்கு ஒரு மந்திரி, சமையலுக்கு ஒரு மந்திரி, சுகாதாரத்துக்கு ஒரு மந்திரி. சுகாதார மந்திரியின் அதிகாரம் என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்துக் குழிக் கக்கூஸை அன்று யார் சுத்தம் செய்வது என்று முறை போடுவது. அந்த முறையில் முதல் பெயர் மந்திரியின் பெயராக இருக்க வேண்டும்! மண்ணைப் போட்டு மூடி, குழி நிறைந்ததும் மாதக் கணக்கில் விட்டு, எருவானதும் கத்தரிப் பாத்திக்குப் போடுவோம். அந்தக் கத்தரிக்காயை நாங்களே சமைத்துச் சாப்பிட்டோம்.

ஜனவரி 30-ஆம் தேதி மௌனமாக உட்கார்ந்து நூற்போம். பிப்ரவரி 12-ஆம் தேதி, காந்திஜியின் அஸ்தியைக் கரைத்த நாளில், அவரவர் கையால் நூற்ற ஒரு சிட்டத்தைக் காணிக்கை வைப்போம். சூத்ராஞ்சலி என்று அதற்குப் பெயர். எங்கள் பள்ளியின் பெரிய விழா அதுதான். 1960-ஆம் வருஷம், காந்திஜி மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதி, குமரப்பா சென்னையில் காலமானார். செய்தி வந்தபோது பெரியவர்கள் அழுததைப் பார்த்து நாங்களும் அழுதோம். அவர் எவ்வளவு பெரியவர் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

எல்லாம் பிரமாதமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். "வீட்டிலே கூட்டுறது போதாதுன்னு பள்ளிக்கூடத்துக்கும் போய்க் கூட்டணுமாக்கும்!" என்று என் ஆத்தா தினம் முணுமுணுப்பாள். கக்கூஸ் முறை அன்று வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் நான் உள்ளே வர வேண்டும். ஊரில் பலருக்கும் கைத்தொழில் படிப்பின் மேல் சந்தேகம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் படிப்புத் திட்டத்தை, அப்பன் தொழிலையே பிள்ளைக்குக் கட்டி வைக்கிற குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. மறு வருஷம் காமராஜர் ஆட்சியில் அது போயிற்று. போனது நல்லதுதான். ஆனால் எங்கள் பள்ளியில் நடந்தது அதற்கு நேர் எதிர். ஜாதிக்கு ஒரு தொழில் என்ற பேச்சே அங்கே கிடையாது. எல்லா ஜாதிக்கும் ஒரே விளக்குமாறு. நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பெண் நான். சேரியிலிருந்து வந்த என் சிநேகிதியும் நானும் ஒரே முறையில், ஒரே குழியில் மண் தள்ளினோம்.

அவள்தான் எங்கள் வகுப்பிலேயே மெல்லிசு நூல் நூற்பவள். எனக்குத் தக்ளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். "பஞ்சுக்கு மூச்சு முட்டும்" என்பது அவள் வார்த்தை. பள்ளியில் தோளோடு தோள் உட்காருவோம். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் அவள் வாசலோடு நிற்பாள். நான் மோர் கொண்டுவந்து கொடுப்பேன், தனிச் சொம்பில். அது தப்பென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொம்பைத்தான் எடுத்து வந்தேன்.

பிறகு திருமங்கலத்தில் மூன்று வருஷம் ஹைஸ்கூல். 1967-இல் மதுரையில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெரிய இடம். நாத்தனார்கள் கான்வென்ட்டில் படித்தவர்கள். பெண் பார்க்க வந்த அன்றே, "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்கள். "திருமங்கலம்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய எட்டு வருஷத்தை அப்படியே விழுங்கிவிட்டேன். அவர்களில் ஒருத்தி பேச்சோடு பேச்சாக, "உங்க ஊர்லே ராட்டைப் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்காமே? கக்கூஸ் கழுவச் சொல்லுவாங்களாமே!" என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன்.

கல்யாணத்துக்கு என் சிநேகிதியை அழைக்கவில்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுவீடு முடிந்து மதுரைக்குப் புறப்பட்ட அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கூட மாமியாரும் நாத்தனாரும். எங்கிருந்தோ அவள் ஓடி வந்தாள். காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். "நானே நூத்தது" என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

"யாரு அது?" என்றார் மாமியார்.

"எங்க வீட்டிலே வேலை பார்க்கிறவ மகள்" என்றேன்.

பொட்டலத்தில் ஒரு சிட்டம் நூல் இருந்தது. அதைப் பெட்டியின் அடியில் வைத்தேன். வருஷா வருஷம் வேப்பிலை மாற்றும்போது பார்ப்பேன்; திரும்ப மூடி விடுவேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். சொல்லியிருந்தால் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. அவரிடம்கூட நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் அன்று ராத்திரி பேத்தியிடம் சொல்லி, பெட்டியைத் திறந்து சிட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பழுப்பேறியிருந்ததே தவிர, நூல் அப்படியே இருந்தது. பேத்தி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அவங்களை ஏன் அம்மாச்சி கல்யாணத்துக்குக் கூப்பிடலை?"

காலம் அப்படி, வீட்டுப் பெரியவர்கள் அப்படி என்று என்னென்னவோ சொல்லலாம். என் வாயிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

தை மாதம் அவர்கள் பள்ளியில் கண்காட்சி. கல்லுப்பட்டியைப் பற்றித்தான் பேத்தியின் பகுதி. "நீங்க வந்து நூத்துக் காட்டணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். வைகை எக்ஸ்பிரஸில் ஏறிப் போனேன்.

என்ன விமரிசை என்கிறீர்கள்! ஒரு பக்கம் ரோபோ பந்து உதைக்கிறது. ஒரு பக்கம் ஜப்பான் தேசத்துச் சாப்பாடு. நடுவில் ஜமக்காளம் விரித்து நான், என் தக்ளி. பிள்ளைகள் வரிசையில் நின்று நூற்றுப் பார்த்தார்கள். ஒரு பையனுக்கு இருபது தடவை அறுந்தது. இருபத்தோராவது தடவை ஒரு முழம் வந்ததும் ஆகாசத்துக்குக் குதித்தான். எனக்குக் கண் கலங்கிற்று.

ஒரு தகப்பனார் டீச்சரிடம், "இதுக்கு மார்க் உண்டா?" என்று விசாரித்தார். டீச்சர் பொறுமையாக விளக்கினார். 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய இன்டர்நேஷனல் பக்கலோரியேட் படிப்பாம் அவர்களுடையது. நம் கொடைக்கானலில், 1901-இல் அமெரிக்கப் பாதிரிமார்களின் குழந்தைகளுக்காக ஏற்பட்ட பள்ளி 1976-லேயே எடுத்துக்கொண்ட படிப்பு. அதில் பாடங்களோடு படைப்பு, உடலுழைப்பு, சேவை மூன்றும் கட்டாயம். மார்க் கிடையாது, ஆனால் அதைச் செய்யாவிட்டால் பட்டயம் கிடையாது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஆத்தா முணுமுணுத்த சமாசாரம் ஜெனீவாவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு, லட்ச ரூபாய்க் கணக்கில் சம்பளம் கட்டுகிற பள்ளிக்குத் திரும்பி வந்திருக்கிறது! வந்தவரைக்கும் நல்லதுதான்.

சாயந்திரம் கூட்டம் கலைந்தது. தரையெல்லாம் பஞ்சு, காகிதத் தட்டு, பாட்டில். நீலப் புடவை கட்டிய நான்கு ஆயாக்கள் விளக்குமாற்றுடன் சுவரோரம் நின்று, நாங்கள் எப்போது எழுந்திருப்போம் என்று காத்திருந்தார்கள். காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறார்கள். சேவையைப் பற்றி எழுதியிருந்த அட்டைகளுக்கு அடியிலேயே! ஒரு பிள்ளையும் அவர்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்த நானும் இப்படித்தானே இருந்தேன்?

எழுந்துபோய் ஓர் ஆயாவிடம் விளக்குமாற்றைக் கேட்டேன்.

"ஐயோ, விடுங்கம்மா. எங்களைத் திட்டுவாங்க" என்றாள் அவள்.

"நான் சுகாதார மந்திரி. முறை போட்டா முதல் பேர் என்னோடது" என்று சொல்லி வாங்கிக் கூட்ட ஆரம்பித்தேன்.

பேத்தி ஓடி வந்து இன்னொரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். அந்த இருபத்தோரு தடவைப் பையனும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். ஊரே திருந்திவிட்டது என்று கதை முடிக்க எனக்கு ஆசைதான், நடந்தது அவ்வளவுதான். மறுநாள் அந்த நான்கு ஆயாக்களே கூட்டியிருப்பார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கண்காட்சி மேஜையில் அந்தச் சிட்டத்தையும் வைத்திருந்தாள் பேத்தி. பக்கத்தில் ஓர் அட்டை. "நூற்றவர்" என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு என்னிடம் பேனாவைக் கொடுத்தாள். 58 வருஷத்துக்குப் பிறகு அவள் முழுப் பெயரையும் என் கையால் எழுதினேன். அதற்குக் கீழே "என் சிநேகிதி" என்று சேர்த்தேன். அந்தப் பெயரை இங்கே உங்களுக்குச் சொல்லவில்லை. அவளைக் கேட்காமல் பத்திரிகையில் போட எனக்கு உரிமை கிடையாது.

வருகிற பிப்ரவரி 12-ஆம் தேதி கல்லுப்பட்டிக்குப் போவதாக இருக்கிறேன். பேத்தியும் வருகிறாள். என் சிநேகிதி ஊரில்தான் இருக்கிறாளா, இந்த உலகத்தில் இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. இருந்தாலும் வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? தினம் காலையில் காபி குடித்ததும் நூற்க உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு சிட்டத்துக்கு 640 சுற்று. இன்றைக்கு 212 ஆகியிருக்கிறது. நூல் ஒரே முடிச்சும் முண்டுமாக இருக்கிறது. பார்த்தால் அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.